புகை உணரி எந்த நொடியில் ஒலிக்கும்: கணினி மாதிரியில் கணக்கிடும் முறை

கட்டடத்தில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்பிச் செல்ல எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற கணக்கு, பெரும்பாலும் புகை உணரி ஒலிக்கும் நொடியிலிருந்தே தொடங்குகிறது. அந்த நொடியை, மெய்யான தீயை மூட்டிப் பார்க்காமல், கணினியில் மதிப்பிடுவது எப்படி என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். இந்தப் பணிக்கு மிகுதியாகப் பயன்படுவது, அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2000ஆம் ஆண்டில் முதன்முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட எஃப்.டி.எஸ். என்னும் இலவச மென்பொருள் ஆகும். அது அறையைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம், வெப்பநிலை, புகையின் அளவு ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. விளைவுகளைப் படமாகக் காட்ட ஸ்மோக்வியூ என்ற துணை மென்பொருள் உண்டு. அதே நிறுவனத்தின் சிஃபாஸ்ட், அறையை மேலே ஒரு சூடான அடுக்கு, கீழே ஒரு குளிர்ந்த அடுக்கு என இரண்டாக மட்டுமே பிரிப்பதால் நொடிகளில் விடை தரும். எனினும் உணரியின் கதை அந்த மேலடுக்கு உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுவதுண்டு என்பதால், இங்கே எஃப்.டி.எஸ்.ஸை மையமாக வைத்தே பேசுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தீ மாதிரி செய்பவர்களின் பழக்கங்கள் பெரும்பாலும் பெரிய தீயைச் சுற்றி உருவானவை: புகைவெளியேற்று விசிறியின் திறன், உத்தரம் தாங்கும் வெப்பம், முழு அறையும் பற்றிக்கொள்ளும் நேரம் ஆகியவற்றுக்கு மெகாவாட் அளவிலான தீதான் வேண்டும். உணரியோ சில கிலோவாட் அளவிலேயே ஒலித்துவிடக்கூடும். ஆகவே பெரிய தீக்கு அமைத்த கோப்பில் ஓர் உணரியைச் சேர்த்து ஓட்டினால் ஒரு எண் வருமே தவிர, அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரணத்தால்தான் வழக்கத்திலிருந்து சற்று மாறுபடுகிறது.

முதலில் கையால் ஒரு கணக்கு

கணினியைத் திறப்பதற்கு முன், ரொனால்ட் ஆல்பர்ட் 1972இல் வெளியிட்ட கூரையடி ஓட்டச் சமன்பாடுகளைக் கொண்டு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தீயிலிருந்து எழும் புகைத்தூண் கூரையில் மோதிப் பக்கவாட்டில் பரவும் மெல்லிய ஓட்டமே கூரையடி ஓட்டம். உணரிக்குப் புகையைக் கொண்டு சேர்ப்பது அதுதான். மோதும் இடத்தை விட்டுச் சற்று விலகிய பகுதியில், கிலோவாட்டிலுள்ள வெப்ப வெளியீட்டு வீதத்தைத் தீயிலிருந்து உள்ள கிடைத்தூரத்தால் வகுத்து, மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, 5.38ஆல் பெருக்கி, கூரை உயரத்தால் வகுத்தால் வெப்பநிலை உயர்வு கிடைக்கும். கூரை உயரம் 3 மீட்டர், உணரி 3 மீட்டர் தொலைவில், தீ 100 கிலோவாட் என்றால் விடை ஏறத்தாழ 19 டிகிரி செல்சியஸ். வேகத்துக்கான இணைச் சமன்பாடு அதே இடத்தில் நொடிக்கு 0.63 மீட்டர் எனக் காட்டும்.

இதே கணக்கைக் கொண்டு, பல ஆண்டுகளாகப் புழக்கத்திலுள்ள ஒரு குறுக்குவழியையும் சோதிக்கலாம். வெப்பநிலை 13 டிகிரி உயர்ந்தால் உணரி ஒலித்ததாகக் கொள்ளலாம் என்பதே அந்தக் குறுக்குவழி. 1977இல் ஹெஸ்கெஸ்டாட், டெலிகாட்சியோஸ் ஆகியோர் செய்த பணியிலிருந்து அது வந்தது. மேற்சொன்ன அறையில் 13 டிகிரி உயர்வதற்கு 59 கிலோவாட் தேவை. நடுத்தர வேகத்தில் வளரும் தீ அதை எட்ட 71 நொடி ஆகும். ஆனால் வெப்பநிலைக்கும் புகைக்கும் உள்ள விகிதம் எரியும் பொருளுக்குப் பொருள் பல மடங்கு மாறும்போது, ஒரே எண்ணை எல்லாத் தீக்கும் பொருத்துவது சரியாகாது. புகையை நேரடியாகக் கணக்கிடும் மென்பொருள் கையில் இருக்கையில் இந்தக் குறுக்குவழிக்கு நான் இடம் தருவதில்லை. சரிபார்க்கும் எல்லைக்கோடாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

தீயின் முதல் நிமிடம்

வடிவமைப்புத் தீயை, அதாவது கணக்குக்காக நாம் எடுத்துக்கொள்ளும் தீயை, நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதாக எழுதுவது வழக்கம். மெதுவான தீ 600 நொடியிலும், நடுத்தரம் 300 நொடியிலும், வேகமானது 150 நொடியிலும், மிக வேகமானது 75 நொடியிலும் 1055 கிலோவாட்டை எட்டும். இந்த வரையறை பெரிய தீயை நோக்கி எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 100 கிலோவாட்டை எட்டும் நேரத்தைப் பார்த்தால், மெதுவான தீக்கு 185 நொடி, நடுத்தரத்துக்கு 92, வேகமானதற்கு 46 என வருகிறது. எனவே எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே விடையை நிமிடக்கணக்கில் நகர்த்திவிடும். உணரியின் உள்ளமைப்பைப் பற்றிய நுணுக்கங்கள் அனைத்தும் சேர்ந்தாலும் அவ்வளவு நகர்த்துவதில்லை.

மேலும் வர்க்க வளர்ச்சிக் கோடு, தீ நிலைபெற்றுப் பரவத் தொடங்கிய பின்பே பொருந்தும். அதற்கு முந்தைய பற்றிக்கொள்ளும் காலம் அதில் இல்லை. அக்காலம் சில நொடிகளாகவும் இருக்கலாம், பல நிமிடங்களாகவும் இருக்கலாம். ஆய்வின் நோக்கம் இரண்டு உணரி அமைவிடங்களை ஒப்பிடுவது என்றால் இந்தக் குறை பாதிக்காது. ஓர் எரிசோதனையின் நேரத்தோடு ஒப்பிடுவது என்றால், அந்தச் சோதனையில் அளந்த வெப்ப வெளியீட்டு வீதத்தை முதல் நொடியிலிருந்தே அட்டவணையாக மென்பொருளுக்குள் கொடுக்க வேண்டும். தீயின் பரப்பையும் மறந்துவிடக் கூடாது: 3 கிலோவாட்டை 1 சதுர மீட்டர் பரப்பில் பரப்பி எழுதினால், சுவாலைக்குப் பதிலாக வெதுவெதுப்பான தரைதான் கிடைக்கும். தீ மையத்திலிருந்து வட்டமாக விரியும்படி அமைக்க எஃப்.டி.எஸ்.ஸில் வழி உண்டு, அதையே பயன்படுத்துங்கள்.

புகைக்கரி எவ்வளவு

எரியும் ஒவ்வொரு கிராம் பொருளுக்கும் எத்தனை கிராம் புகைக்கரி வெளிவருகிறது என்ற விகிதத்தை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும். சுவாலையுடன் எரியும் செங்கருவாலி மரத்துக்கு இது 0.015, ஹெப்டேன் திரவத்துக்கு 0.037, பாலிஸ்டைரீனுக்கு 0.164, மெத்தைகளில் உள்ள பாலியூரித்தேன் நுரைக்கு வகையைப் பொறுத்து 0.13 முதல் 0.23 வரை. இந்த விகிதத்தை எரிவெப்பத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 100 கிலோவாட் தர, மரம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிராம் எரிந்து 0.12 கிராம் கரியை வெளியிடுகிறது. பாலிஸ்டைரீன் நொடிக்கு 3.7 கிராம்தான் எரிகிறது, ஆனால் 0.6 கிராம் கரியை வெளியிடுகிறது. ஒரே அளவு வெப்பத்துக்கு ஐந்து மடங்கு புகை என்பது இதன் பொருள்.

அடுத்து, கரியின் அளவை ஒளிமறைப்பாக மாற்ற வேண்டும். ஒளி புகைக்குள் செல்லும்போது அடுக்குக்குறி விதிப்படி மங்குகிறது. மங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது, கரியின் செறிவையும் கிலோகிராமுக்கு இத்தனை சதுர மீட்டர் என்ற ஒளிமறைப்புக் கெழுவையும் பெருக்கிய தொகை. சுவாலையுடன் எரியும் மரத்துக்கும் நெகிழிக்கும் இந்தக் கெழு ஏறத்தாழ 8700 என முல்ஹாலந்தும் குரோர்கினும் 2000இல் தொகுத்துக் காட்டினர், எஃப்.டி.எஸ்.ஸின் இயல்பு மதிப்பும் அதுவே. அலகு மாற்றத்தில் ஒரு சிறு பொறி உண்டு. எவ்வளவு ஒளிமறைப்பில் ஒலிக்கும் என்ற எல்லை அளவாக உணரியின் முகப்பில் அடிக்கு 1 விழுக்காடு என்று எழுதியிருந்தால், மீட்டருக்கு 3.28 விழுக்காடு என்று நேராகப் பெருக்கிவிடக் கூடாது. அடுக்குக்குறி விதிப்படி அது 3.24. இங்கே வேறுபாடு அற்பம். ஆனால் அடிக்கு 4 விழுக்காடு என்பது 13.1 அல்ல, 12.5 ஆகும்.

மீட்டருக்கு 3.24 விழுக்காடு மறைப்பை உண்டாக்க எவ்வளவு கரி வேண்டும் என்று கணக்கிட்டால், ஒரு கன மீட்டர் காற்றில் 3.8 மில்லிகிராம் போதும் என வருகிறது. மர நெருப்பில் அந்தச் செறிவு, காற்று ஏறத்தாழ 1.7 டிகிரி சூடாகும்போதே வந்துவிடுகிறது. முன்பு பார்த்த அறையில் அதற்குத் தேவையான தீ 3 கிலோவாட்டுக்கும் குறைவு. நடுத்தர வளர்ச்சியில் அது 15 நொடி. புகை வந்து சேரும் நேரமும் உணரிக்குள் நுழையும் நேரமும் இதோடு கூடும் என்றாலும், 13 டிகிரிக் குறுக்குவழி தந்த 71 நொடியிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோம் என்பதைப் பாருங்கள். இந்த எண் கைக்கு வந்த பிறகுதான் வலை அமைப்பைப் பற்றி, அதாவது அறையைக் கட்டங்களாகப் பிரிக்கும் விதத்தைப் பற்றி, யோசிக்க வேண்டும்.

வலையைச் சிறிய தீக்கு அளந்து நெய்தல்

கட்டத்தின் அளவைத் தீர்மானிக்கத் தீயின் பண்பு விட்டம் என்ற நீளம் பயன்படுகிறது. இயல்பான காற்றில், கிலோவாட்டை 1100ஆல் வகுத்து 0.4 அடுக்குக்கு உயர்த்தினால் அது மீட்டரில் கிடைக்கும். அந்த விட்டத்துக்குள் 4 முதல் 16 கட்டங்கள் அடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 1000 கிலோவாட் தீயின் பண்பு விட்டம் 0.96 மீட்டர், அதற்கு 10 சென்டிமீட்டர்க் கட்டம் தாராளமாகப் போதும். 100 கிலோவாட்டுக்கு 38 சென்டிமீட்டர். 3 கிலோவாட்டுக்கோ வெறும் 9 சென்டிமீட்டர். அதே 10 சென்டிமீட்டர்க் கட்டத்தில் ஒரு கட்டத்துக்குள் முழுத் தீயும் புதைந்துவிடும். புகைத்தூண் காற்றை இழுத்து நீர்க்கும் விதம் அப்போது பிழையாகிவிடும். கூரைக்குச் சென்று சேரும் புகையின் செறிவும் அதனோடு பிழையாகும்.

கூரையடி ஓட்டத்தின் தடிமன் இரண்டாவது கட்டுப்பாடு. அது கூரை உயரத்தில் ஏறத்தாழ 5 முதல் 12 விழுக்காடு; 3 மீட்டர் அறையில் 15 முதல் 36 சென்டிமீட்டர். அதற்குள் மூன்று நான்கு கட்டங்களாவது வேண்டும்.

ஆகவே தீயைச் சுற்றியும் புகைத்தூண் எழும் பாதையிலும் 2.5 சென்டிமீட்டர், கூரையை ஒட்டி 5 சென்டிமீட்டருக்கு மிகாமல், மீதி இடங்களில் 10 சென்டிமீட்டர் எனப் பல வலைகளாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்தது. கட்டத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும், காலப்படியும் பாதியாகும்; எனவே கணினி நேரம் பதினாறு மடங்காகும். இந்தச் செலவைத் தாங்க ஒரு வழி இருக்கிறது: உணரிக்காக மென்பொருளை ஓட்டும்போது, அந்த ஓட்டத்தைத் தீயின் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டிய தேவை அரிது. பெரிய தீக்கான ஓட்டத்தைத் தனிக் கோப்பாக, பருமனான வலையில் வைத்துக்கொள்ளலாம். வலைகளின் எல்லைக்கோடு தீயின் நடுவிலோ புகைத்தூணின் ஊடாகவோ செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணரியை எழுதுதல்

உணரியின் அருகே வந்த புகை உடனே உள்ளே நுழைவதில்லை. பூச்சி வலையையும் வளைந்த தடுப்புகளையும் கடந்து உணர்வறையை நிரப்ப நேரமாகும். குன்னர் ஹெஸ்கெஸ்டாட் இதை ஒரே எண்ணில் அடக்கினார். உள்ளே இருக்கும் புகைச்செறிவு வெளியிலுள்ள செறிவை ஒரு தாமதத்தோடு பின்தொடர்கிறது. தாமதம் என்பது, கருவிக்குரிய ஒரு பண்பு நீளத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்த ஈவு. எஃப்.டி.எஸ்.ஸின் இயல்பு மதிப்பு 1.8 மீட்டர். வேகம் நொடிக்கு 0.63 மீட்டர் என்றால் தாமதம் 3 நொடிக்கும் குறைவு; பொருட்படுத்த வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் 3 கிலோவாட் தீயில் அந்த வேகம் நொடிக்கு 0.2 மீட்டரைத் தொடுவதில்லை; தாமதம் 9 நொடியைத் தாண்டுகிறது. வேகம் 0.1 மீட்டராக இறங்கினால் 18 நொடி.

தாமஸ் கிளியரி முன்வைத்த மாதிரி, நுழையும் நேரத்தையும் கலக்கும் நேரத்தையும் தனித்தனியே பிரித்து நான்கு எண்களைக் கேட்கிறது. அவர் அளந்த ஓர் ஒளியியல் வகை உணரிக்கு, நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் நுழைவுக்கு 18 நொடியும் கலப்புக்கு 6 நொடியும் ஆகின்றன. உற்பத்தியாளர் இந்த நான்கு எண்களைத் தருவது அரிது. தரவில்லையெனில், கிளியரியின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு துல்லியம் கூடிவிட்டதாக எண்ணுவதைவிட, ஹெஸ்கெஸ்டாட் மாதிரியின் ஒற்றை எண்ணை மேலும் கீழும் மாற்றிப் பார்ப்பதே நேர்மையானது. நொடிக்கு 0.15 மீட்டருக்குக் கீழே மெய்யான உணரிகளின் நடத்தை எந்தச் சமன்பாட்டுக்கும் எளிதில் கட்டுப்படுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் உணரியின் இடத்தைக் கொடுக்கும்போது, அது கூரைக்குக் கீழே உள்ள காற்றுக் கட்டத்தில் விழுகிறதா என்று ஸ்மோக்வியூவில் கண்ணால் பாருங்கள். கூரையின் உயரத்தையே உணரியின் உயரமாகக் கொடுத்து, அது திடப்பொருளுக்குள் புதைந்து, கடைசி வரை சுழியத்தையே காட்டுவது தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை. கூரையை ஒட்டிய முதல் கட்டத்தில் உராய்வால் வேகம் குறைந்திருக்கும் என்பதால், மிக நுண்ணிய வலையில், கருவியின் நுழைவாய் உண்மையில் இருக்கும் உயரத்திலேயே புள்ளியை வைக்க வேண்டும். ஒலித்த நேரத்தை மட்டும் வாங்காமல், உணர்வறையின் உள்ளே உள்ள மறைப்பு, வெளியே உள்ள மறைப்பு, வேகம், வெப்பநிலை ஆகிய நான்கையும் கோடாகப் பதிவு செய்தால், தாமதம் புகை வருவதிலா நுழைவதிலா என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

எல்லை அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. முகப்பில் எழுதிய எண், சோதனைப் பெட்டிக்குள் ஒரு குறிப்பிட்ட வகைப் புகையைக் கொண்டு அளந்தது. ஒளியியல் உணரி துகள்கள் சிதறடிக்கும் ஒளியைப் பார்க்கிறது. கறுத்த கரி ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே மிகுதி. அயனி வகை உணரியோ துகள்களின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் சார்ந்தது. மாதிரி இவ்விரண்டையும் அறியாது. இரண்டுக்கும் ஒளிமறைப்பு என்ற ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது. எனவே முகப்பு எண்ணோடு நிறுத்தாமல், அதைப் போல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு எல்லைகளிலும் ஒலிக்கும் நேரத்தைப் படியுங்கள். இதற்கு மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. பதிவான கோட்டின் மீது மூன்று கிடைக்கோடுகளை வரைந்தால் போதும்.

கனன்று புகையும் தீயும் உயர்ந்த கூடமும்

சுவாலையின்றிக் கனன்று புகையும் மெத்தையை எஃப்.டி.எஸ். தானாக எரிக்காது. ஒரு சிறு பரப்பிலிருந்து வெதுவெதுப்பான புகை மெல்ல வெளியேறுவதாக நாமே வீதத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வீதம் ஒரு சோதனையில் எடையிழப்பாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளிமறைப்புக் கெழுவையும் மாற்ற வேண்டும்: கனலும் புகைக்குக் கிலோகிராமுக்கு 4400 சதுர மீட்டர் என்ற மதிப்பு பயன்படுத்தப்படுகிறது, அதாவது சுவாலைப் புகையில் பாதி. இங்கே மிதப்பு விசை மிகச் சிறிது என்பதால், கதவிடுக்கில் வரும் காற்றும் குளிரூட்டியின் வீச்சும் புகையின் போக்கைத் தீர்மானிக்கும். காற்றுவழிகளை மூடி வைத்த மாதிரியில் கிடைக்கும் விடை, அவை திறந்திருக்கும் கட்டடத்துக்குப் பொருந்தாது.

உயர்ந்த கூடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. வெயிலில் சூடான கூரையின் அடியில் வெப்பக் காற்று தேங்கியிருந்தால், சிறு தீயின் புகைத்தூண் குளிர்ந்து நடுவழியிலேயே நின்று பக்கவாட்டில் பரவிவிடும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி கூடும் காற்றில், வெப்பச்சலனத்தால் எழும் பங்கு 10 கிலோவாட்டாக உள்ள தீயின் புகை 10 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே ஏறும்; 100 கிலோவாட்டாக இருந்தால் 17.5 மீட்டர் வரை ஏறும். தொடக்க வெப்பநிலையை அறை முழுவதும் ஒரே மதிப்பாக விட்டுவிட்டால் இந்த நிகழ்வு மாதிரியில் தோன்றவே தோன்றாது, கூரையில் உள்ள உணரி உரிய நேரத்தில் ஒலித்ததாகவே அறிக்கை சொல்லும். உயரத்துக்கேற்ற வெப்பநிலைச் சரிவைத் தொடக்க நிலையில் எழுதி ஒரு தனி ஓட்டம் நடத்த வேண்டும்.

ஓட்டிய பின்

முதல் ஓட்டம் முடிந்ததும், 100 கிலோவாட்டை எட்டும் நேரத்தில் உணரி இருக்கும் இடத்தின் வெப்பநிலையையும் வேகத்தையும் ஆல்பர்ட் தந்த எண்களோடு ஒப்பிடுங்கள். தடையற்ற சமதளக் கூரையின் அடியில் இரண்டும் பெரிதும் விலகினால் வலையிலோ தீயின் பரப்பிலோ பிழை இருக்கிறது. உத்தரங்கள் குறுக்கிட்டாலோ இடைவழிபோல் ஒடுங்கிய இடமானாலோ விலகல் இயல்பே. பிறகு வலையை ஒரு படி நுண்மையாக்கி மீண்டும் ஓட்டி, ஒலிக்கும் நேரம் நிலைபெறுகிறதா என்று பாருங்கள். அதன் பின்னரே வளர்ச்சி வேகம், கரி விகிதம், பண்பு நீளம், எல்லை அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் பொருளுண்டு. அதே அறையில் கரி மிகுந்த பொருள் எரியும்போது, கரி விகிதத்தைப் பாதியாக்கினாலும் விடை அதிகம் அசையாது. புகை வந்த நொடியே எல்லை தாண்டப்பட்டிருக்கும். மரத்தீயிலும், அடுத்த அறையில் உள்ள உணரியிலும் அது நன்றாகவே அசையும்.

முறையைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு, வீட்டு எச்சரிக்கைக் கருவிகளைக் கொண்டு நிஸ்ட் நடத்திய முழு அளவு எரிசோதனைகள் நல்ல பயிற்சிக் களம். அவற்றைக் கொண்டு மாதிரியின் விடையை ஒப்பிட்டுக் காட்டும் பகுதி எஃப்.டி.எஸ்.ஸின் சரிபார்ப்புக் கையேட்டிலேயே உள்ளது.

அறிக்கையில் ஒலிக்கும் நேரத்தைப் பதின்ம நொடிகளில் எழுதாமல், ஓட்டங்கள் தந்த மிகக் குறைந்த நேரமும் மிகக் கூடிய நேரமுமாக எழுதி, அந்த இடைவெளியை எந்த உள்ளீடு உண்டாக்கியது என்பதையும் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். ஏதேனும் ஓர் ஓட்டத்தில் உணரி ஒலிக்கவே இல்லையெனில், அட்டவணையில் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், 300 நொடி வரை ஒலிக்கவில்லை என்று எழுதி, அந்த நொடியில் உணர்வறையின் உள்ளே எவ்வளவு மறைப்பு இருந்தது என்ற எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.